ஃப்ளீஸ் தைக்க வீட்டு ஓவர்லாக்: கீழ் லூப்பர் பற்றி யாரும் சொல்லாதது

கொடைக்கானலில் இருக்கும் தோழி போன் செய்தாள். "வீட்டு ஓவர்லாக் மெஷின் விலை நல்லா இறங்கியிருக்குடி. ஃப்ளீஸ் தைக்க வாங்கிடலாமா?" வாங்காதே என்றேன். அவளுக்கு ஆச்சரியம். என் கையால் தைத்த குல்லாவும் ஜெர்கினும் அவள் வீட்டில் ஆளுக்கொன்று இருக்கிறது; அந்தத் தையலைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆசையே வந்தது. போனில் முழுக் காரணத்தையும் சொல்ல முடியவில்லை, நானும் அன்றைக்கு நிதானத்தில் இல்லை. எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோத்தகிரி. இங்கே டிசம்பர், ஜனவரி என்றால் பஞ்சுபோல் மெத்தென்ற குளிர்த்துணியான ஃப்ளீஸ் இல்லாத வீடு கிடையாது. துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் நாலு நூல் வீட்டு ஓவர்லாக் ஒன்றைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். அதில் நான் தைப்பது முக்கால்வாசி ஃப்ளீஸ்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், நிறையவே இருக்கிறது.

ஃப்ளீஸ் வெட்டினால் ஓரம் பிரியாது, பிசிறு தட்டாது. அப்படியிருக்க இதற்கு எதற்கு ஓவர்லாக் என்று கேட்பார்கள். சாதாரண மெஷினில் ஒரு குழந்தை ஜெர்கினின் கழுத்தைத் தைத்து, பிள்ளை தலையில் மாட்டிப் பாருங்கள். துணி இழுபடும், நேர்த்தையல் நூல் இழுபடாது, படக்கென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக் போட்டால் அறாது, ஆனால் ஓரம் அலை அலையாக நெளிந்து நிற்கும். அதோடு இரண்டு அடுக்கு தடித்த ஃப்ளீஸைப் பாதத்துக்கு அடியில் வைத்தால் கீழ்த்துணியைப் பல் இழுத்துக்கொண்டு போகும், மேல்துணியைப் பாதம் முன்னால் தள்ளிக்கொண்டே வரும். தையல் முடியும் இடத்தில் மேல்துணி ஒரு விரல் அகலம் மிஞ்சும். இழுத்துச் சமாளித்தால் ஜெர்கினின் கை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

ஓவர்லாக்கில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கத்தி ஓரத்தைச் சீவிக்கொண்டே போகிறது, இரண்டு ஊசியும் தைக்கிறது, நூலை வளைத்துக் கொடுக்கும் லூப்பர் என்ற இரண்டு கம்பிகளும் ஓரத்தைச் சுற்றிக் கட்டுகிறது. உப்பிக் கிடந்த இரண்டு அடுக்கும் அமுங்கி மெல்லிய வரம்பாக மாறி வெளியே வரும். இழுத்தால் தையலும் கூடவே நீளும், விட்டால் திரும்பி வரும். இந்த மெஷின் பிறந்ததே பின்னல் துணிக்காகத்தான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பின்னலாடை ஆலை நடத்திய மெர்ரோ குடும்பம், தங்கள் துணியின் ஓரத்தை முடிக்க 1880-களில் செய்த மெஷினிலிருந்து வந்த வழி இது. இன்றைக்குத் திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் வரிசை வரிசையாக ஓடுவது இதன் வாரிசுகள்தான்.

ஆனால் நான் மயங்கியது தையலில் இல்லை, டிஃபரன்ஷியல் ஃபீடில். வாங்கும்போது அதைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. சாதாரண மெஷினில் துணியை நகர்த்தும் பல் ஒரே கட்டு. இதில் முன் பல், பின் பல் என்று இரண்டு. திருகை 1-ல் வைத்தால் இரண்டும் ஒரே அளவு நகரும். 2-ல் வைத்தால் பின் பல் ஒரு பங்கு வெளியே எடுக்கும்போது முன் பல் இரண்டு பங்கு உள்ளே தள்ளும். இழுபட்டு நெளியப் பார்க்கும் துணியை அது முன்னாலேயே சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. அலை வராது.

250, 300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) ஃப்ளீஸுக்கு நான் வைப்பது 1.5. தையல் நீளம் 3.5. பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்துவிடுவேன். உருண்டை முனை ஊசி, 90 நம்பர். ரிப் என்கிற வரிவரியான இழுபடும் பட்டியை வைத்துத் தைக்கும்போது மட்டும் திருகை 1-க்குக் கொண்டுவந்துவிட்டு ரிப்பைக் கையால் இழுத்துப் பிடிப்பேன். ஜெர்கினின் கீழ்ப்பட்டியும் மணிக்கட்டும் அப்படித்தான். இப்படி ரிப் வைத்து முடித்தால் கீழ்மடிப்பு அடிக்க ஃப்ளாட்லாக் மெஷினைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பரிசுக்குக் குழந்தைப் போர்வைதான் என் பெயர் சொல்லும் சாமான். வளைகாப்புக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதைத்தான் கொடுப்பேன். ஒரே அடுக்கு ஃப்ளீஸ், சுற்றிலும் மூன்று நூல் அகலத் தையல், லூப்பர்கள் இரண்டிலும் வேறு நிறத்தில் உப்பலான நூல். நாலு மூலையையும் சாப்பாட்டுத் தட்டு வைத்து வளைவாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓவர்லாக்கில் கூர்மூலை திருப்புவது பெரும்பாடு, வளைவு என்றால் நிற்காமல் ஓடும். ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் சேர்கிற இடத்தில் தொங்கும் நூல் சங்கிலியைப் பெரிய கண் ஊசியில் கோத்துத் தையலுக்குள்ளேயே இரண்டு அங்குலம் ஓட்டிவிட வேண்டும். வெட்டி அப்படியே விட்டால் இரண்டு துவைப்பில் பிரியும். நூலும் தாராளமாக வேண்டும். ஒரு மீட்டர் ஓரத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல் நூல் போகும், அதில் பெரும்பங்கை லூப்பர்கள்தான் தின்னும். சின்ன ரீல் வாங்கினால் கட்டுப்படியாகாது, கோன்தான்.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தோழி அதையும் கேட்டாள். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் கிடைக்கும் பருத்தி ஃப்ளீஸ் வேறு, பாலியஸ்டர் போலார் ஃப்ளீஸ் வேறு. பருத்தியில் வெளிப்பக்கம் பனியன் துணி, உள்பக்கம் வளையமாக விட்ட நூலைக் கம்பி உருளையில் சுரண்டிப் பஞ்சாக்கியிருப்பார்கள். அங்கே அதை ரைசிங் என்பார்கள். அது சுருங்கும், துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பாலியஸ்டர் ஃப்ளீஸ் 1979-ல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸில் உருவானது. சுருங்காது, தண்ணீர் குடிக்காது. மூன்று நாள் மூடுபனி விலகாத எங்கள் ஊரிலும் கொடியில் காய்ந்துவிடும். அயர்ன் பாக்ஸை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, பஞ்சு உருகி அப்பிக்கொள்ளும். துணி கிலோக் கணக்கில் கிடைக்கும். 300 ஜி.எஸ்.எம், ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் நீளம் 450 கிராம். கிலோவுக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். பில்லிங் வராத ரகமா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முழங்கையில் ஒரே மாதத்தில் உருண்டை உருண்டையாக எழும்பும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வாங்காதே என்கிறேன் என்றால், கீழ் லூப்பர்.

மெஷினின் முன்கதவைத் திறந்தால் மேல் லூப்பர் கண்ணெதிரே நிற்கும். ஊசிகளும் அப்படியே. கீழ் லூப்பர் மட்டும் இடது பக்கம் உள்ளே தள்ளி, ஊசித் தட்டுக்கு அடியில் இருக்கும். அதற்கு நூல் கோக்க வீலைக் கையால் சுற்றி லூப்பரை வலது பக்கம் கொண்டுவர வேண்டும். நூல் நுனியை ட்வீசரில் பிடித்து, இடது கோடியில் இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். அந்தக் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து லூப்பரின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முனையில் இருக்கும் கண்ணுக்குள் நுழைக்க வேண்டும். இதற்குள் கொக்கியில் மாட்டிய நூல் நழுவியிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

கோத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். இந்த மெஷினில் வரிசை முக்கியம்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியில் ஊசிகள். நடுவில் கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தால் அதை மட்டும் கோத்துவிட்டுத் தைக்க முடியாது. ஊசியில் ஏற்கனவே இருக்கும் நூல் லூப்பருக்குக் கீழே மாட்டிக்கொண்டு நிற்கும். நாலு தையலில் திரும்பவும் அறுந்துவிடும். இரண்டு ஊசி நூலையும் வெட்டி உருவிவிட்டு, லூப்பரைக் கோத்து, பிறகு ஊசிகளைத் திரும்பக் கோக்க வேண்டும். ஒரு நூல் அறுந்ததற்கு மூன்று நூல் கோக்கும் வேலை. நிறம் மாற்றும்போது பழைய நூலில் புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துக்கொள்ளலாம், அது நல்ல வழி. நடுவில் அறுந்தால் முடிச்சுப் போட நூலே உள்ளே இருக்காது.

ஃப்ளீஸில் இது அடிக்கடி நடக்கும், அதற்குக் காரணமும் உண்டு. கத்தி சீவும்போது பறக்கும் பஞ்சுத் தூசி முழுவதும் கீழே இறங்கி லூப்பரைச் சுற்றித்தான் படியும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்கு நடுவிலும் புகுந்துவிடும். அடுத்தது அக்குள் பகுதி. நாலு தையல் சந்திக்கிற அந்த இடத்தில் ஆறு அடுக்கு துணி சேரும், ஊசி லேசாக வளைந்து லூப்பரை உரசும். தையல் வரம்புகளில் ஒன்றை முன்பக்கமும் மற்றதை பின்பக்கமுமாகத் திருப்பி வைத்தால் தடிமன் குறையும். முழுக்கத் தீராது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, தொப்பி வைத்த ஜெர்கினின் கடைசி அக்குளில் அறுந்து, கண்ணெல்லாம் எரிய ட்வீசரோடு உட்கார்ந்திருந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

போன வாரம் ரிப்பேருக்குக் கோயம்புத்தூர் கொண்டுபோனேன். மெக்கானிக் ஊசித் தட்டைக் கழற்றி, லூப்பர் தண்டின் அடியிலிருந்து கொக்கியால் ஒரு கட்டியை இழுத்துப் போட்டார். அமுங்கி அமுங்கி கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. விரலில் பிரித்துப் பார்த்தேன். மேலே சாம்பல், அதற்குக் கீழே சிவப்பு, அடியில் கடல்நீலம். நான் தைத்த வரிசை அப்படியே அடுக்கடுக்காக இருந்தது. பிரஷ் போட்டுத் துடைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்த மூலைக்குப் பிரஷ் போகாது, தட்டைக் கழற்றினால்தான் உண்டு. காற்று அடிக்காதீர்கள் என்றார், தூசி இன்னும் உள்ளே போய் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளுமாம். கீழ்க்கத்தியையும் மாற்றினார். சீவுவதற்குப் பதில் மென்று துப்ப ஆரம்பித்திருந்தது. இப்போது வெண்ணெயாக வெட்டுகிறது. ஓவர்லாக்கில் குண்டூசி வேண்டாம், கிளிப் போடுங்கள் என்று அவர் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்; ஒரு குண்டூசி கத்திக்கு அடியில் போனால் கத்தி போயிற்று.

வீட்டுக்கு வந்த அன்றே, புதுக் கத்தியோடு, சுத்தம் செய்த மெஷினில், ஒரு கழுத்துப்பட்டை தைக்கும்போது கீழ் லூப்பர் நூல் அறுந்தது. அன்றைக்குத்தான் தோழி போன் செய்தாள்.

மெஷினுக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கோனின் அடியில் இருக்கும் வெட்டில் நூல் மாட்டினாலும் அறும், மட்டமான நூலில் இருக்கும் முடிச்சாலும் அறும். அதெல்லாம் மெஷின் குற்றம் ஆகாது. காற்றால் நூலை லூப்பருக்குள் தள்ளிவிடும் மாடல்களும் இருக்கின்றன, பேபிலாக், ஜூகி போன்றவர்கள் செய்கிறார்கள். அதில் இந்தத் தடவும் வேலையே கிடையாது. ஆனால் அந்த விலை வேறு, தோழி கேட்ட விலையில் அது வராது. என்னைக் கொதிக்க வைப்பது விற்கிறவர்கள்தான். கடையில் டெமோ காட்டும்போது நாலு நூலும் கோத்துத் தயாராக இருக்கும், கையில் கொடுப்பது மெல்லிய பாப்ளின் துண்டு. சர்ரென்று ஓடும், நாமும் மயங்கிவிடுவோம். ஃப்ளீஸ் வைத்து ஓட்டிக் காட்டியதும் இல்லை, நூல் அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

அதனால் அவளுக்கு என் பதில் இதுதான். டிசம்பரில் மட்டும் பத்துப் பேருக்குக் குல்லாவும் போர்வையும் தைக்க இந்த மெஷின் வேண்டாம். பதினொரு மாதம் மூடிவைத்துவிட்டு எடுத்தால் கோக்கும் வரிசை மறந்திருக்கும், பண்டிகை நெருக்கத்தில் அறுந்தால் அழுகைதான் வரும். துணியை அளந்து வெட்டி, கிளிப் போட்டு, ஓவர்லாக் வைத்திருக்கும் டெய்லரிடம் கொடுத்தால் அரை மணியில் ஓட்டித் தந்துவிடுவார். வாரா வாரம் தைப்பேன், விற்கப் போகிறேன் என்றால் அது வேறு பேச்சு.

இதையும் மீறி வாங்கத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும், விலை அவ்வளவு இறங்கியிருக்கிறது. அப்படியானால் கடைக்கு ஒரு முழம் தடித்த ஃப்ளீஸும் ஒரு ட்வீசரும் எடுத்துப் போகட்டும். டெமோ மெஷினில் நாலு நூலையும் கத்தரித்துப் போடச் சொல்லட்டும். கீழ் லூப்பரை அவளே கோத்து, அந்த ஃப்ளீஸை நாலாக மடித்து ஓட்டட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகட்டும்.