விற்பவரின் தரகர் காட்டிய சர்வேயரை நம்பி 16 மீட்டர் பாய்மரப் படகு வாங்கி ஏமாந்தேன்

நீண்ட கடற்பயணத்துக்கு ஏற்றதும் வேகமாக ஓடக்கூடியதுமான பெரிய பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட படகு ஒன்றை, சர்வேயர் எனப்படும் படகு ஆய்வாளரைக் கொண்டு முறைப்படி சர்வே செய்து, கடலில் ஓட்டிப் பார்த்து, காகிதங்களையெல்லாம் சரிபார்த்த பிறகுதான் வாங்கினேன். மூன்று மாதம் கழித்து அதைக் கரையேற்றியபோது, கீல் (படகு கவிழாமல் காக்க அடியில் பொருத்தப்படும் எடைமிக்க தகடு) பொருந்தியிருக்கும் இடத்தில் உள்சட்டகம் படகின் உடலிலிருந்து விட்டுப் போயிருப்பதும், அதை யாரோ பூச்சுப் பசையாலும் வெள்ளைப் பெயின்டாலும் மூடியிருப்பதும் தெரியவந்தன. விற்றவரையோ தரகரையோ சர்வேயரையோ பெயர் சொல்லப் போவதில்லை. என்ன நடந்தது, நான் எங்கே கவனிக்கத் தவறினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

படகு 16 மீட்டர் நீளம், 12 ஆண்டுப் பழையது. 2.7 மீட்டர் ஆழம் இறங்கும் குறுகிய கீல், அதன் அடியில் ஈயக் குமிழ். உட்புறம் துப்புரவாக இருந்தது. தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தால், அவற்றின் அடியில் கசியும் நீர் சேரும் பள்ளமான பில்ஜ் முழுவதும் புதிதாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. உரிமையாளர் படகைக் கண்ணும் கருத்துமாகப் பேணியிருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். 12 ஆண்டுப் பழைய படகின் பில்ஜில் மட்டும் ஏன் புதுப் பெயின்ட் என்ற கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மற்றவை தாமாகவே வெளிவந்திருக்கும்.

தரகர் மிகவும் அன்பாகப் பழகினார். சர்வேயர் யாரையாவது தெரியுமா என்று நான் கேட்டபோது, இந்தத் துறைமுகப் படகுகளையெல்லாம் அறிந்தவர் என்று ஒருவரைச் சொல்லி, நாளையும் அவரே குறித்துக் கொடுத்தார். தரகருக்குக் கமிஷன் விற்பவரிடமிருந்து வருகிறது. விற்பனை முடிந்தால்தான் வருகிறது. அந்தத் தரகர் மூலம் மாதாமாதம் வேலை பெறும் சர்வேயர், விற்பனையை முறிக்கக்கூடிய ஒரு குறையை எவ்வளவு ஆர்வத்துடன் தேடுவார்? கட்டணத்தை நான் கொடுத்ததால் அவர் எனக்காக வேலை செய்கிறார் என்று நம்பிவிட்டேன்.

அறிக்கை 40 பக்கம் வந்தது. மெத்தைகள், அடுப்பு, விளக்குகள், வழிகாட்டிக் கருவிகள் என்று படங்கள் நிறைந்திருந்தன. கீல் பற்றி மூன்று வரிகளே இருந்தன: எட்டக்கூடிய போல்ட்களில் துரு இல்லை, வெளிப்புறத்தில் குறிப்பிடத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை, அணுக முடியாத பகுதிகள் ஆய்வில் அடங்கா. கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள தரைப்பலகை திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. அதைக் கழற்றச் சொன்னேன். பலகையின் மேற்பூச்சு பெயர்ந்துவிடும், உரிமையாளர் விரும்பமாட்டார் என்று தரகர் சொன்னார், சர்வேயரும் தலையசைத்தார். நானும் விட்டுவிட்டேன். கழற்ற மறுக்கப்பட்ட பலகைக்குக் கீழேதான் விரிசல் இருந்தது.

படகை நீரிலிருந்து தூக்கியது ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே. பளுதூக்கியின் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தபோதே அடிப்பகுதியைப் பார்த்து முடித்தார்கள். நீரிலிருந்து எடுத்த உடனே ஈரமானியை வைத்தால் மேற்பரப்பின் ஈரம்தான் பதிவாகும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. கடல் ஓட்டமும் இப்படித்தான் முடிந்தது. மெல்லிய காற்றில் அரை மணி நேரம் பாய் விரித்தோம், மீதி நேரம் இயந்திரத்தில் ஓடினோம். காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஓடும்போதுதான் கீலும் பாய்மரமும் உடலை முறுக்குகின்றன. அந்தச் சுமை இல்லாத நாளில் பார்த்ததைச் சோதனை என்று சொல்ல முடியாது.

வாங்கிய பிறகு முதன்முறை 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகக் காற்றில் எதிர்க்காற்றுப் போக்கில் ஓட்டியபோது, ஒவ்வோர் அலையிலும் தரைப்பலகைகள் முனகின. முன்னறைக் கதவு ஒரு பக்கம் சாய்ந்தால் எளிதாக மூடியது, மறுபக்கம் சாய்ந்தால் சிக்கிக்கொண்டது. மாலையில் பில்ஜில் ஒரு வாளி அளவு தண்ணீர் இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. மறுநாளே துறைமுகத்துக்குத் திரும்பி, வேறோர் ஊரிலிருந்து எனக்கு முன்பின் தெரியாத சர்வேயரை வரவழைத்தேன்.

அவர் முதலில் அந்தத் திருகாணிகளைக் கழற்றினார். பிறகு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து, சட்டகத்தின் ஒவ்வொரு குறுக்கு விலாவிலும் தட்டிக்கொண்டே வந்தார். கீலின் முன்பகுதியில் ஓசை கணீரென்று இருந்தது. பின்பகுதிக்கு வந்தபோது அது மந்தமாகி, வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் ஆயிற்று. வெள்ளைப் பெயின்டைச் சுரண்டியபோது பசையும், அதன் அடியில் விலாவின் குறுக்கே ஓடிய விரிசலும் தெரிந்தன. வெளியே, பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் ஆன்டிஃபவுலிங் பூச்சை உரித்தபோது கீலின் பின்முனைக்கு நேர் பின்னால் உடல் உள்வாங்கி நொறுங்கியிருந்தது. படகு முன்பு பாறையிலோ கடினமான தரையிலோ மோதியிருக்கிறது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அதற்கு முன்னர் படகு நின்றிருந்த பட்டறையை விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தரைதட்டிய பிறகு அது கரையேற்றப்பட்டதென்றும், கீலைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன ஆலோசனையை உரிமையாளர் ஏற்கவில்லையென்றும் சொன்னார்கள். விற்பனைப் படிவத்தில் தரைதட்டியது உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தவரும் அதே உரிமையாளர்தான்.

இவ்வகைப் படகுகளில் இந்தக் குறை ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதை வாங்குபவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பழைய பாணிப் படகில் கீல் நீளமாக, உடலோடு ஒன்றாக ஓடும். மோதலின் விசை பரவலாகப் பகிரப்படும். வேகப் படகில் கீல் ஆழமாகவும் முன்பின் அகலம் குறைவாகவும் இருக்கும். எடை முழுவதும் அடியிலுள்ள குமிழில் தொங்கும். குமிழ் பாறையில் மோதி நின்றுவிட, பல டன் எடையுள்ள உடல் மேலே முன்னோக்கிச் செல்லப் பார்க்கிறது. அப்போது கீல் ஒரு நெம்புகோலாகி, அதன் பின்முனை உடலுக்குள் மேல்நோக்கிக் குத்துகிறது; முன்முனை போல்ட்களைக் கீழ்நோக்கி இழுக்கிறது. உடலின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள கண்ணாடி இழைச் சட்டகம்தான் இந்த விசையைத் தாங்க வேண்டும். அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டுவிட்டால், அதன் பங்குச் சுமை அடுத்த விலாவுக்குப் போகிறது, பிறகு அதற்கடுத்ததற்கு. கண்ணுக்குத் தெரியாமலே இது நடக்கும்.

2014 மே மாதம் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். முன்பு தரைதட்டியதும் அதன்பின் சட்டகத்தில் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பொருந்திய இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் அறிக்கையில் கூறியது. இரண்டாம் சர்வேயர் இதை எனக்கு நினைவூட்டியபோது, அந்த மூன்று மாதங்களில் என் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு எத்தனை முறை கரை தெரியாத தொலைவுக்குப் போனேன் என்று எண்ணிப் பார்த்தேன். பணம் போனதைவிட அதுதான் இன்றும் என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

கீலைத் தவிர இன்னொன்றிலும் ஏமாந்தேன், அது எடை. விளம்பரத்தில் 14 டன் எடை, 120 சதுர மீட்டர் பாய்ப்பரப்பு என்றிருந்தது. பாய்ப்பரப்பை, படகு இடம்பெயர்க்கும் நீரின் கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 20க்கு மேல் வந்தால் வேகப் படகு என்று பொதுவாகச் சொல்வார்கள். விளம்பரக் கணக்கில் அது 21. ஆனால் கரையேற்றியபோது பளுதூக்கியின் அளவுகோல் 17.5 டன் காட்டியது. 14 டன் என்பது தொட்டிகளும் அலமாரிகளும் காலியாக இருக்கும் நிலைக்கான எடை. அதன்மேல் ஜெனரேட்டர், குளிர்சாதனம், நங்கூரச் சங்கிலி, 600 லிட்டர் நன்னீர் என்று ஏறிக்கொண்டே போயிருந்தன. அந்த எடையில் அதே கணக்கு ஏறத்தாழ 18தான். வேகம் குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும். எடை கூடினால் படகு சாயாமல் நிமிர முயலும் விசையும் பொதுவாகக் கூடுகிறது. அது முழுவதும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளிலும் அவற்றை உடலோடு பிணைக்கும் செயின்பிளேட்களிலும்தான் வந்து விழுகிறது. முதல் தடவை தூக்கியபோதும் அதே எண் திரையில் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

டெக் எனும் மேல்தளமும் அப்படியே. இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு இடையே பால்சா மரத்தை வைத்துக் கட்டியது அது. கைப்பிடித் தூண்களின் போல்ட் துளைகள் வழியே நீர் இறங்கி, ஒரு சதுர மீட்டருக்கும் மேலான பரப்பில் பால்சா ஊறிக் கூழாகியிருந்தது. காலால் மிதித்துப் பார்த்தாலே மெத்தென்று இருந்தது. இயந்திரத்தின் விசையைப் படகின் அடியிலுள்ள உந்துவிசிறிக்குக் கொண்டுசெல்லும் செயில்டிரைவின் ரப்பர் வளையம் 12 ஆண்டாக மாற்றப்படவே இல்லை. தயாரிப்பாளரான வோல்வோ பெண்டா அதை 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இயந்திரக் காலுக்கும் கடலுக்கும் இடையே இருப்பது அந்த ரப்பர்தான். இவை எதுவும் அந்த 40 பக்கங்களில் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றேன். சர்வேக்குப் பிறகு நான் கையெழுத்திட்ட ஏற்புக் கடிதத்தில், படகை உள்ளது உள்ளபடியே ஏற்கிறேன் என்ற வரி இருந்தது. சர்வேயரின் ஒப்பந்தத்தில் அவருடைய பொறுப்பு அவர் வாங்கிய கட்டண அளவோடு நின்றது. பொய் எழுதிய விற்பவர் மீது வழக்குத் தொடரலாம் என்று வழக்கறிஞர் சொன்னார்; ஆனால் அந்த விற்பவர் வேறொரு நாட்டில் வசிக்கிறார், முகவரியும் மாறிவிட்டது. தரகர் என் கடிதங்களுக்குப் பதிலே தரவில்லை.

இப்போது ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். சர்வேயரைத் தரகருக்குத் தெரியாத இடத்திலிருந்து நீங்களே அழைத்து வாருங்கள். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, அவருடைய பொறுப்பு எந்த அளவு என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். கழற்ற முடியாத பலகை என்று ஒன்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். படகு கரையில் சில நாளாவது காய்ந்த பிறகு ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள். தரைதட்டியது பற்றிய கேள்வியை உரிமையாளரிடம் மட்டுமல்லாமல், படகு நின்ற பட்டறைகளிடமும் கேளுங்கள். எனக்கு உண்மை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது, அதை நான் வாங்குவதற்கு முன் செய்யவில்லை. ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திடுமுன், தரைதட்டிய வரலாறு மறைக்கப்பட்டிருந்தால் விற்பனை ரத்தாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

படகு இப்போது தாங்குகட்டைகளின் மேல், கீல் இல்லாமல் நிற்கிறது. விட்டுப்போன விலாக்களை முற்றிலுமாக வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கையும் நான் படமெடுத்துத் தேதியிட்டு வைக்கிறேன். என்றாவது இதை விற்க நேர்ந்தால் அந்தக் கோப்பு விளம்பரத்தோடு சேர்ந்தே போகும்.