டைரீக் ஹில்லை வித்தவங்க, வாங்கினவங்க: யார் கணக்கு தேறுச்சு?

2023 நவம்பர் 5, ஞாயித்துக்கிழமை ராத்திரி. அன்னைக்கு ஈடன் கார்டன்ஸ்ல கோலி பிறந்தநாளும் அதுவுமா 49-வது ஒன்டே செஞ்சுரி அடிச்சாரு, தென்னாப்பிரிக்கா 83க்கு சுருண்டுச்சு, ஊரே அதைத்தான் பாத்துட்டு இருந்துச்சு. நான் அதுவும் இதுவுமா மாத்தி மாத்தி ஜெர்மனி ஃபிராங்க்ஃபர்ட்ல நடந்த என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) மேட்ச் பாத்தேன், கான்சஸ் சிட்டி சீஃப்ஸும் மயாமி டால்ஃபின்ஸும். முதல் பாதி முடியப்போற நேரம், முன்னாடி சீஃப்ஸ்ல இருந்து இப்ப மயாமிக்கு ஆடுற ரிசீவர் (பாஸைப் பிடிச்சு ஓடுறவர்) டைரீக் ஹில் ஒரு குட்டி பாஸைப் பிடிச்சாரு, பிடிச்ச வேகத்துல சீஃப்ஸோட டிரென்ட் மெக்டஃபி வந்து பந்தை உருவி விட்டுட்டாரு, மைக் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கி, தான் மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் பக்கத்துல வந்த பிரையன் குக் கைல தள்ளிவிட, அவர் 59 யார்டு ஓடி டச்டவுன் (எதிராளி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போய் எடுக்கிற ஸ்கோர்). ஸ்கோர் 21-0. கடைசில 21-14னு சீஃப்ஸ் ஜெயிச்சாங்க.

இதுல என்ன கூத்துன்னா, அந்த மெக்டஃபி சீஃப்ஸுக்கு வந்ததே ஹில்லை வித்த காசுலதான். காசுன்னா டிராஃப்ட் பிக்: காலேஜ் பசங்களை டீம்கள் ரவுண்டு ரவுண்டா எடுக்கிற வரிசையில ஒரு இடம், நம்பர் சின்னதா இருந்தா மதிப்பு ஜாஸ்தி.

(இங்க ஃபுட்பால்னு சொல்றது அமெரிக்கன் ஃபுட்பால். மெஸ்ஸி ரசிகர்கள் கோச்சுக்க வேணாம்.)

முதல்ல கேப், அதாவது சம்பள உச்சவரம்பு, என்னன்னு பாத்துடலாம், அது புரியலைன்னா இந்த டிரேடும் புரியாது. ஐபிஎல் ஏலத்துல ஒவ்வொரு டீமுக்கும் 120 கோடி பர்ஸ்னு வச்சாங்கள்ல, அதே மாதிரி என்எஃப்எல்ல 2022-ல ஒரு டீமுக்கு 208.2 மில்லியன் டாலர். அதுக்குள்ள 50 பேருக்கு மேல சம்பளம் கொடுக்கணும், ஓனர் எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் தாண்ட முடியாது. ஆனா ஐபிஎல்ல இல்லாத ஒரு வித்தை இங்க உண்டு. பிளேயருக்கு சைனிங் போனஸ் 50 மில்லியன் இன்னைக்கே கையில கொடுத்துட்டு, கணக்குல மட்டும் வருஷத்துக்கு 10னு அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு எழுதிக்கலாம். நம்ம ஏலச்சீட்டுல முதல் மாசமே தள்ளி எடுத்துட்டு மீதி மாசமெல்லாம் கட்டிட்டே இருக்கிற மாதிரிதான். ரெண்டு வருஷத்துல ஆளை அனுப்பிட்டா, மிச்ச 30 மில்லியன் ஆள் இல்லாமலே உங்க கணக்குல வந்து உக்காந்துக்கும், அதுக்குப் பேர்தான் டெட் மணி.

இன்னொரு பக்கம் டிராஃப்ட்ல எடுக்கிற புதுப் பசங்க. அவங்க சம்பளம் பிக் நம்பரை வச்சு ஏற்கனவே முடிவானது, நாலு வருஷத்துக்கு சல்லிசு. ஒரு பையன் நல்லா ஆடிட்டான்னா, மார்க்கெட்ல 20 மில்லியனுக்குப் போற ஆட்டத்தை நீங்க 3-4 மில்லியனுக்கு வாங்கினதா அர்த்தம். அதனாலதான் பிக்கை காசுன்னு சொன்னேன்.

இப்ப டிரேடுக்கு வருவோம். 2022 மார்ச் 23. சீஃப்ஸ் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துட்டு அஞ்சு பிக் வாங்கினாங்க: அந்த வருஷ 29, 50, 121, அப்புறம் 2023-ல ஒரு நாலாவது ரவுண்டு, ஒரு ஆறாவது ரவுண்டு. மயாமி ஹில்லுக்கு நாலு வருஷத்துக்கு 120 மில்லியன், அதுல 72.2 மில்லியன் கேரன்டினு கையெழுத்து போட்டாங்க. பேப்பர்ல வருஷத்துக்கு 30 மில்லியன்னு வந்துச்சு, உண்மையில கடைசி வருஷத் தொகையை ஊதிப் பெருசாக்கித்தான் அந்த 30 வந்தது, ஏஜென்ட்டுங்களுக்கு ஹெட்லைன் வேணும்ல.

வித்தவங்க பக்கம் நின்னு பாத்தா, ஹில்லுக்கு அப்போ 28 வயசு, ஆட்டம் முழுக்க கால் வேகத்துல நிக்குது. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் (பாஸ் எறியிறவர்) மஹோம்ஸ் 2020-லயே 10 வருஷத்துக்கு 450 மில்லியன் ஒப்பந்தம் போட்டாச்சு, அந்த பில் வருஷா வருஷம் ஏறும். சூப்பர் பவுல்ல (லீக் ஃபைனல்) 31-9னு அடி வாங்கின 2020 சீசன், அடுத்த சீசன்ல சின்சினாட்டிகிட்ட 21-3 லீடை வச்சுக்கிட்டே 27-24னு ஓவர்டைம்ல தோத்தது, ரெண்டுமே ஹில் டீம்ல இருக்கும்போதுதான். ஆக, ஹில் இருந்தா கப்புன்னு ஒரு கேரன்டியும் இல்லை, இதுக்கு மேல விலைக்கு யாரும் கேக்க மாட்டாங்க, வித்துடுவோம்னு முடிவெடுத்தாங்க.

வித்த காசை எப்படி செலவு பண்ணாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு. ஹில்லுக்கு வந்த 29, 121 கூட தங்களோட 94-ஐயும் சேத்து பேட்ரியட்ஸுக்குக் கொடுத்து 21-வது இடத்துக்கு ஏறி மெக்டஃபியை எடுத்தாங்க. 50-ல இருந்து 54க்கு இறங்கி ஸ்கை மூர்னு ஒரு ரிசீவர். தங்களோட சொந்த 30-வது பிக்ல ஜார்ஜ் கார்லாஃப்டிஸ், 62-ல மேல சொன்ன குக், ஏழாவது ரவுண்டுல 251-வது ஆளா ஐசையா பசேகோ. மெக்டஃபி, கார்லாஃப்டிஸ் ரெண்டு பேரோட நாலு வருஷ சம்பளத்தையும் கூட்டினாக்கூட ஹில்லோட ஒரு வருஷ ஹெட்லைன் தொகையான 30 மில்லியனைத் தொடாது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன்.

ஆனா எல்லாமே பொன்னா வந்துச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்கை மூர் சுத்தமா தேறலை. 57-வது சூப்பர் பவுல்ல ஒரு 4 யார்டு டச்டவுன் பிடிச்சாரு, அதோட சரி, 2024 சீசன்ல ஒரு பாஸ்கூட பிடிக்கலை. ஹில் இடத்தை நிரப்ப வந்த ரிசீவர்களை நினைச்சாலே பத்திக்கிட்டு வரும். 2023 முதல் மேட்ச், டெட்ராய்ட் லயன்ஸ் எதிர்ல, கடேரியஸ் டோனி கைக்கு நேரா வந்த பந்து விரலுக்குள்ள புகுந்து பின்னாடி போயி பிரையன் பிராஞ்ச் கையில விழுந்து அது அப்படியே 50 யார்டு டச்டவுனாச்சு, சீஃப்ஸ் 21-20னு தோத்தாங்க. அன்னைக்கு ஹில்லை வித்தவங்களைத் திட்டாத சீஃப்ஸ் ரசிகர் இருந்திருக்கவே மாட்டாரு.

அதே சீசன்ல அந்த டீம் லீக்லயே ரெண்டாவது கம்மியா பாயின்ட் விட்டுக்கொடுத்த டிஃபென்ஸா ஆச்சு, மெக்டஃபி ஆல்-ப்ரோ (லீக்ல அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியல்) முதல் டீம்ல வந்தாரு. காசை ரிசீவர்ல இருந்து எடுத்து டிஃபென்ஸ்ல போட்டாங்க, அது வேலை செஞ்சுது. ஹில் போனப்புறம் முதல் ரெண்டு சீசனும் கப்பு: ஈகிள்ஸை 38-35, ஃபார்ட்டி நைனர்ஸை ஓவர்டைம்ல 25-22.

இப்ப வாங்கினவங்க. யார்டு கணக்கு மட்டும் பாத்தா மயாமிதான் ஜெயிச்சாங்க, இதுல சந்தேகமே வேணாம். 2022-ல ஹில் 119 கேட்ச், 1710 யார்டு. 2023-ல மறுபடி 119 கேட்ச், 1799 யார்டு, லீக்ல முதலிடம். சீஃப்ஸ்ல இருந்தப்ப ஒரு சீசன்லகூட அவர் இந்த அளவுக்குப் போனதில்லை. வாங்கின நேரமும் சரியான நேரம்தான், ஏன்னா மயாமி குவார்ட்டர்பேக் டூவா டகோவைலோவா அப்போ ரூக்கி சம்பளத்துல, அதாவது டிராஃப்ட்ல வந்த புதுப் பசங்க சம்பளத்துல இருந்தாரு, குவார்ட்டர்பேக் சல்லிசா இருக்கும்போதுதான் மத்த இடத்துல செலவு பண்ணணும். நானா இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அப்புறம் எங்க தப்பு? என் பார்வையில ஹில்லை வாங்கினதுல தப்பு இல்லை, அவருக்கு அப்புறமும் வாங்கிட்டே போனதுலதான். 2022 நவம்பர்ல டிஃபென்ஸ் ஆட்டக்காரர் பிராட்லி சப்புக்காக இன்னொரு முதல் ரவுண்டு பிக்கை டென்வருக்குக் கொடுத்து 110 மில்லியன் எக்ஸ்டென்ஷன் வேற. குவார்ட்டர்பேக் டாம் பிராடி, கோச் ஷான் பேட்டன் ரெண்டு பேர்கிட்டயும் விதியை மீறிப் பேசின குத்தத்துக்கு லீக் 2023 முதல் ரவுண்டு பிக்கையே பறிச்சுடுச்சு. கூட்டிப் பாருங்க, ரெண்டு வருஷம் தொடர்ந்து முதல் ரவுண்டுல ஒரு ஆள்கூட இல்லை, 2022-ல அவங்க எடுத்த முதல் ஆளே 102-வது. வருஷத்துக்கு நாலே நாலு பிக். கீழ இருந்து சல்லிசுப் பசங்க ஏறி வரவே இல்லை.

2024-ல பில் எல்லாம் ஒண்ணா வந்துச்சு. டூவாவுக்கு நாலு வருஷம் 212.4 மில்லியன், இன்னொரு ரிசீவர் ஜேலன் வாடிலுக்கு மூணு வருஷம் 84.75 மில்லியன், ஹில் ஒப்பந்தத்தையும் மறுபடி திறந்து மூணு வருஷம் 90 மில்லியன்னு மாத்தினாங்க. அதுக்கு முன்னாடியே மார்ச்ல கிறிஸ்டியன் வில்கின்ஸ் ரெய்டர்ஸுக்கும் ராபர்ட் ஹன்ட் பேந்தர்ஸுக்கும் போயாச்சு, ரெண்டு பேரும் மயாமியே டிராஃப்ட்ல எடுத்து வளத்த பசங்க. கோட்டை மதில்ல இருந்து கல்லைப் பேத்து கோபுரத்துக்குக் கலசம் வச்ச கதை. அந்த வருஷம் 8-9 (8 வெற்றி, 9 தோல்வி), ஹில் 959 யார்டு. அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஹில் முழங்கால் மூட்டு விலகி சீசன் முடிஞ்சுது, அக்டோபர் கடைசில ஜெனரல் மேனேஜர் கிறிஸ் கிரியரும் கிளம்பிட்டாரு.

ரெண்டு டீமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க ஒரே ஒரு மேட்ச் போதும்னா அது 2024 ஜனவரி 13. நமக்கு ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணி, இங்க மார்கழிப் பனிக்கே நான் போர்வையை விட்டு வெளிய வரலை, அங்க கான்சஸ் சிட்டில மைனஸ் 20 டிகிரி, மஹோம்ஸ் ஹெல்மெட் உடைஞ்சு ஒரு துண்டு தெறிச்சே போச்சு. ஹில் 53 யார்டு டச்டவுன் ஒண்ணு அடிச்சாரு, அன்னைக்கு மயாமி எடுத்த மொத்த பாயின்ட்டும் அதுதான். எதிர்ப்பக்கம் ரஷீ ரைஸ், 2023-ல ரெண்டாவது ரவுண்டுல எடுத்த ரூக்கி, 8 கேட்ச் 130 யார்டு. 26-7. வித்தவங்க ரூக்கி சம்பளத்துல எடுத்த ரிசீவர், வாங்கினவங்களோட விலையுயர்ந்த ரிசீவரை விட டபுள் யார்டு எடுத்துட்டுப் போனாரு.

உடனே ஒருத்தர் வருவாரு, "மஹோம்ஸ் இருந்தா நான்கூட ஜெயிப்பேன்"னு. நியாயமான கேள்விதான். கிரீன் பே டீம் கதை அதுக்கு பதில் மாதிரி. ஹில் டிரேடுக்கு ஆறு நாள் முன்னாடி ரிசீவர் டவான்டே ஆடம்ஸை ரெய்டர்ஸுக்கு வித்து 22, 53 ரெண்டு பிக் வாங்கினாங்க, குவார்ட்டர்பேக்கா ஆரன் ராஜர்ஸ் இருந்தும் அந்த சீசன் 8-9தான். வாங்கின ரெய்டர்ஸும் ஆடம்ஸ் 1516 யார்டு எடுத்தும் 6-11. ஆக பெரிய ரிசீவரை வித்தாலே கப்புன்னும் கிடையாது, வாங்கினாலே கப்புன்னும் கிடையாது.

வாங்கியே ஜெயிச்சவங்க வேணும்னா லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 2021-ல குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக தங்களோட குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும் ரெண்டு முதல் ரவுண்டு பிக்கையும் ஒரு மூணாவது ரவுண்டு பிக்கையும் டெட்ராய்ட்டுக்கு அள்ளிக் கொடுத்தாங்க, அதே சீசன்ல சின்சினாட்டியை 23-20னு ஜெயிச்சு சூப்பர் பவுல் வாங்கினாங்க, மேனேஜர் லெஸ் ஸ்னீட் பிக்குகளைக் கெட்டவார்த்தையில திட்டுற டிஷர்ட் போட்டுக்கிட்டு ஊர்வலத்துல வந்தாரு. அடுத்த வருஷம் 5-12. ஆனா மயாமி செய்யாத ஒண்ணை அவங்க செஞ்சாங்க: வலிக்க வலிக்க 2023-ல டெட் மணியை முழுங்கிட்டு கடையைக் காலி பண்ணாங்க, கடைசி ரவுண்டுகள்ல ஆள் தேடினாங்க, 177-வது பிக்ல புகா நகுவா கிடைச்சாரு, அந்த ரூக்கி 1486 யார்டு எடுத்தாரு. காஃபை ஏதோ கழிச்சுக்கட்டின சுமைன்னு எல்லாரும் நினைச்சாங்க, அவர் 2024 ஜனவரில அதே ராம்ஸை 24-23னு வீட்டுக்கு அனுப்பிட்டு லயன்ஸுக்கு 32 வருஷம் கழிச்சு ஒரு பிளேஆஃப் வெற்றி வாங்கிக் கொடுத்தாரு. அந்த டிரேடுல நட்டப்பட்டவங்களே இல்லை, அதான் அழகு.

ராம்ஸ் கடையைக் காலி பண்ணப்ப டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஜேலன் ராம்ஸியையும் வித்தாங்க. வாங்கினது யாரு? மயாமியேதான். அதுக்கு கொடுத்த 77-வது பிக்ல ராம்ஸ் எடுத்த பைரன் யங் ரூக்கி வருஷமே 8 சேக் (பாஸ் எறியிறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறது) எடுத்தாரு. ராம்ஸி அந்த வருஷ கேம்ப்லயே முழங்கால் அடிபட்டு முதல் ஏழு மேட்ச் வெளிய.

என்னைக் கேட்டா வரிசை இப்படித்தான்: சீஃப்ஸ் முதல்ல, ராம்ஸும் லயன்ஸும் அடுத்து தோளோட தோள், மயாமி கடைசிக்கு ஒண்ணு முன்னாடி, ரெய்டர்ஸ் கடைசி. மயாமியை நினைச்சா கோவத்தை விட பாவமாத்தான் இருக்கு, ஏன்னா கையில இருந்த சரக்கு அப்படி. 2021-ல டிரே லான்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக்கை டிராஃப்ட்ல எடுக்கிறதுக்காக ஃபார்ட்டி நைனர்ஸ் மூணு முதல் ரவுண்டு பிக்கை மயாமிக்குத்தான் கொடுத்தாங்க. ஒண்ணு கைமாறி வாடில் ஆச்சு, ஒண்ணு ஹில் ஆச்சு, ஒண்ணு சப் ஆச்சு. அந்த மூணு பேரும் சேந்து ஆடின காலத்துல மயாமி ரெண்டு தடவை பிளேஆஃப் போனாங்க, ரெண்டு தடவையும் முதல் மேட்ச்லயே வெளிய. அந்த டீம் கடைசியா ஒரு பிளேஆஃப் மேட்ச் ஜெயிச்சது 2000 டிசம்பர் 30.