பள்ளி ரோபோ அணியில் ஸ்க்ரூடிரைவர் யார் கையில்?

பள்ளிகளுக்கான ஒரு ரோபோ போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். முதல் மேசையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர். அவர்களுடைய ரோபோ ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. பல்சக்கரங்களை அடுக்கியிருந்த விதம் அவ்வளவு நேர்த்தி. "இந்த இடத்துல சின்னப் பல்சக்கரம் எதுக்குப்பா?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "எங்க சார் வெச்சாரு சார்."

இரண்டு மேசை தள்ளி இன்னொரு அணி. அவர்களுடைய ரோபோ தொடக்கக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய்ச் சுவரில் முட்டி நின்றது. மூன்று முறையும் அப்படியே. பிள்ளைகள் கண் கலங்கி நின்றார்கள். பொறுப்பாசிரியர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், "நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடலீங்க. எல்லாம் பசங்களே பண்ணது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோபோ ஓடிய அணியும் கற்கவில்லை, ஓடாத அணியும் கற்கவில்லை. நாலு வருடமாக ஒரு பள்ளி அணிக்கு வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டு வழிகளையும் இவற்றுக்கு நடுவில் இருக்கிற மூன்றாவது வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பெரியவரே செய்து கொடுப்பது நமக்குப் பழகிய விஷயம். பள்ளிக் கண்காட்சிக்கு முந்தைய இரவு அப்பா தெர்மாகோல் வெட்ட, அம்மா வண்ணம் பூச, பிள்ளை தூங்கிப்போய்விட்ட வீடுகள் எத்தனை! ரோபோவிலும் அதேதான் நடக்கிறது, செலவு மட்டும் கூடுதல். இதில் பெரியவர்களின் கெட்ட எண்ணம் என்று எதுவும் இல்லை. போட்டித் தேதி நெருங்குகிறது, பிள்ளை தப்பான துளையில் ஸ்க்ரூவை நுழைத்துத் திணறுகிறது, நமக்கோ பத்து நொடி வேலை. கை தானாக நீண்டுவிடுகிறது. என் கையும் நீண்டிருக்கிறது.

உலக அளவில் நடக்கும் போட்டிகள் இந்தக் கேள்விக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.

வெக்ஸ் போட்டிகளின் விதி மிகத் தெளிவு. வடிவமைப்பு, கட்டுமானம், நிரல் மூன்றும் மாணவர்களுடையதாக இருக்க வேண்டும். பெரியவர் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் மாணவர் பக்கத்தில் இல்லாதபோது ரோபோவில் கை வைக்கக் கூடாது. மீறினால் தகுதி இழப்பு வரைக்கும் போகலாம். களத்தில் ரோபோவை ஓட்டும் இடத்திலும் பெரியவருக்கு இடமில்லை.

டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, மேல்நிலை மாணவர்களுக்காக 1992 முதல் நடத்திவரும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் நிலைமை வேறு. பெரியவர் பங்கு இத்தனை, மாணவர் பங்கு இத்தனை என்று அங்கே கணக்கு வகுக்கவில்லை. பொறியாளரும் மாணவரும் தோளோடு தோள் நின்று வேலை செய்வதுதான் அதன் அடிப்படை எண்ணமே. களத்தில் ஓட்டுநர்களுக்குப் பின்னால் நின்று வழி சொல்லும் ட்ரைவ் கோச் பெரியவராக இருக்கலாம், ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட முடியாது. எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் பெயரில் 1996 முதல் சிறந்த வழிகாட்டிகளுக்கு ஒரு விருதும் தருகிறார்கள். தங்கள் வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று எழுதிப் பரிந்துரைப்பவர்கள் மாணவர்கள்தான்.

இந்த இரண்டில் வெக்ஸ்தான் நேர்மையானது என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் ரோபோ 50 கிலோவுக்கு மேல் எடை வரும். உள்ளே 12 வோல்ட் ஈய அமில பேட்டரி, சில ரோபோக்களில் அழுத்தக் காற்றுக் குழாய்கள். பட்டறையில் அலுமினியத்தை அறுக்கிற வேலை. அந்த இடத்தில் பெரியவர் விலகி நிற்பதுதான் பொறுப்பின்மை. ஒரு தொழில்முறைப் பொறியாளர் எப்படி யோசிக்கிறார், எங்கே தயங்குகிறார், தப்பு செய்தால் எப்படி ஒப்புக்கொள்கிறார் என்பதைப் பதினாறு வயதில் பக்கத்தில் நின்று பார்ப்பதும் பெரிய பேறு. அதே சமயம், இந்தத் திறந்த வழியில்தான் பெரியவர் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் ஆபத்தும் அதிகம். முன்பெல்லாம் ஆறே வாரத்தில் ரோபோவைக் கட்டிப் பைக்குள் போட்டு முத்திரை வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2020 பருவத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளை கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பெரியவர் வாங்குவது பெரும்பாலும் நேரம் போதாதபோதுதான். அதனால் அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

உலக ரோபோ ஒலிம்பியாடின் வழி வேறு மாதிரி. அணிக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், பயிற்சியாளர் தடுப்புக்கு வெளியே. பாகங்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து அங்கேயே பொருத்த வேண்டும் என்ற முறை நீண்ட காலம் இருந்தது. அன்று காலையில்தான் அறிவிக்கும் திடீர் விதி ஒன்றும் உண்டு. கேட்பதற்குக் கறாரான சோதனைதான். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனித்திறமை இருக்கிறது: மனப்பாடம். பெரியவர் வடிவமைத்த ரோபோவை, கோனார் நோட்ஸை ஒப்பிப்பதுபோல, பாகம் பாகமாக ஒப்பித்துக் கட்டிவிடுவார்கள். கை எல்லாம் அவர்களுடையதுதான், யோசனை யாருடையது என்பதுதான் கேள்வி. அதனால் யார் தொட்டார்கள் என்பதை மட்டும் வைத்து எந்த வழியையும் எடைபோட முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் அணியில் நடந்த ஒன்றைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். நிரலை ஏற்றி ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டு, இரண்டு சாதாரண டிசி மோட்டார், நாலு சக்கரம். ரோபோ சரியாக 90 டிகிரி திரும்ப வேண்டும். பிள்ளைகள் நேரத்தை வைத்து எழுதியிருந்தார்கள்: ஒரு பக்க மோட்டார் இத்தனை மில்லிவிநாடி ஓடட்டும் என்று. காலையில் சரியாகத் திரும்பியது. சாயங்காலம் பாதியிலேயே நின்றது. நேரத்தைக் கூட்டினார்கள். மறுநாள் காலை சுற்றி எங்கோ போய்விட்டது.

பெரியவர் செய்து கொடுக்கும் வழியில், நான் மடிக்கணினியை வாங்கி திரும்பும் கோணத்தை அறியும் ஒரு கைரோ சென்சாரைச் சேர்த்து நிரலை எழுதியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். அடுத்த வாரம் சென்சார் வேறு ஏதோ எண்ணைக் காட்டினால் மறுபடியும் என்னைத் தேடி வந்திருப்பார்கள்.

தொடாமலே விட்டுவிடும் வழியில், அவர்கள் நேரத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைத்துக் குறைத்து இரண்டு வாரம் போயிருக்கும். "முயற்சி திருவினை ஆக்கும்" என்று நாம் தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்போம். எந்தத் திசையில் முயல்வது என்றே தெரியாதவர்களுக்கு அந்தக் குறள் என்ன செய்யும்?

அன்று நான் செய்தது இதுதான். "காலையில எப்படித் திரும்புச்சு, சாயங்காலம் எப்படித் திரும்புச்சு, நடுவுல என்ன மாறுச்சு?" என்று மட்டும் கேட்டேன். தரை அதே தரை, நிரல் அதே நிரல் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அண்ணா, பேட்டரி இறங்கியிருக்கும்ல?" என்றாள். அப்போது வோல்ட்டேஜை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து, எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அதை ஒளித்து வைக்கவில்லை. கருவியைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளையைத் தவிக்கவிடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு நாள் அவர்களே வோல்ட்டேஜையும் திரும்பிய கோணத்தையும் நோட்டில் எழுதினார்கள். வோல்ட்டேஜ் குறையக் குறைய மோட்டார் வேகம் குறைகிறது, அதே நேரத்தில் குறைவான தூரமே போகிறது என்று எண்களே சொன்னபோது, அந்தப் பெண்ணே கேட்டாள்: "நேரத்துக்குப் பதிலா, சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எண்ண முடியாதா அண்ணா?"

அந்தக் கேள்வி பிறந்த பிறகு என்கோடர் என்று ஒன்று இருக்கிறது, அது சக்கரச் சுழற்சியை எண்ணும் என்று நான் சொன்னேன். அது அவளிடமிருந்து எதையும் பறித்ததாகாது. அதே விஷயத்தை இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பறித்திருப்பேன். மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தெரிவது இந்த இரண்டு நாள்தான். அரைமணி நேர வேலைக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளைக் கொடுக்க முடியாத அணி, ரோபோவின் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து பணிக்குப் பதில் இரண்டே பணி செய்யட்டும்.

தொடாமல் விடும் வழியைப் பற்றி இன்னொரு கவலை எனக்கு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பள்ளியில் பெரியவர் விலகி நின்றால் எல்லாப் பிள்ளைகளும் சமமாகத் தனியே நிற்பதில்லை. அப்பாவோ மாமாவோ ஐடியில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டிலேயே வழிகாட்டி இருக்கிறார். சாயங்காலம் சந்தேகத்தைக் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்துவிடும். கட்டட வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பெரியவர்கள் தொடாத அணி என்று நாம் பாராட்டுவது, பல சமயம் பெரியவர் உதவி கண்ணுக்குத் தெரியாத அணிதான். பள்ளிக்குள் வெளிப்படையாக, எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பதே நியாயம். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் 2016 முதல் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியத்தோடு வந்தன, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு. கருவிப் பெட்டி வந்தால் மட்டும் போதாது, பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் பெரும்பாலும் இயற்பியல் ஆசிரியராகவோ கணினி ஆசிரியராகவோ இருப்பார். ரோபோ அவருக்கும் புதிதுதான். "எனக்கே தெரியாது, நான் எப்படி வழிகாட்டுவது?" என்று ஒதுங்கிப் போகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஃபர்ஸ்ட் லெகோ லீகைச் சுட்டிக்காட்டுவேன். சிறு பிள்ளைகளுக்கான அந்தப் போட்டியின் பழைய அடிப்படைக் கொள்கைகளில் இப்படி இரண்டு இருந்தன: தீர்வைத் தேடும் வேலையை நாங்கள் செய்கிறோம், பயிற்சியாளர் வழிகாட்டுகிறார், அவருக்கும் எல்லா விடையும் தெரியாது, சேர்ந்து கற்கிறோம் என்பது அவற்றின் சாரம். விடை தெரியாத ஆசிரியருக்கு விடையைச் சொல்லிவிடும் ஆசையே வராது. அது ஒரு வசதி.

ஆக, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, கட்டுவதும் எழுதுவதும் முழுக்கப் பிள்ளைகள் கையில். கருவியைப் பெரியவர் முன்கூட்டியே வகுப்பாக எடுத்துவிட வேண்டும்: பல்சக்கர விகிதம், மல்டிமீட்டர், சாலிடரிங். போட்டிக்கான ரோபோவைத் தொடாமல், வேறு ஒரு பயிற்சி ரோபோவை வைத்து எடுக்க வேண்டும். இந்தப் பிரிப்பு எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. பயிற்சி ரோபோவில் நான் எவ்வளவு வேண்டுமானாலும் கை வைப்பேன், காட்டுவேன், கழற்றுவேன். போட்டி ரோபோ இருக்கும் மேசைக்குப் போனால் கை முதுகுக்குப் பின்னால். அப்புறம் மேல்நிலை வகுப்புக்கு வந்து, பெரிய இயந்திரமும் மின்சாரமும் சேரும்போது, தோளோடு தோள் நிற்கும் வழிக்கு மாறலாம். பத்து வயதில் அந்த வழி பிள்ளையை விழுங்கிவிடும். பதினேழு வயதில் எதிர்த்து வாதாடத் தெரிந்திருக்கும்.

பெரியவர் விலகக் கூடாத ஒரு இடம் எந்த வயதிலும் உண்டு: வேலைப் பங்கீடு. சும்மா விட்டால் குரல் பெரிதாக இருக்கும் பையன் மடிக்கணினியைப் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைகளுக்கு சார்ட் எழுதும் வேலை வந்து சேரும். இதைப் பிள்ளைகள் முடிவு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. வாராவாரம் வேலையை மாற்றிப் போடுகிறோம். முதல் வருடம் முனகினார்கள், சரி, முனகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் நாங்கள் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளைகள் வெளியே போவார்கள், நான் ரோபோவில் ஒரு ஒயரைக் கழற்றிவிடுவேன், அல்லது நிரலில் ஒரு எண்ணை மாற்றிவிடுவேன். உள்ளே வந்து அவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நான் பேசக் கூடாது. இந்த வருடம் அந்த ஏழாம் வகுப்புப் பெண் எட்டாம் வகுப்பு. ஒயரைக் கழற்றும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தேடிக்கொண்டிருக்க, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள்.