பகலிலும் எழுத்துத் தெரிய வேண்டும்: சிறிய கூட்ட அறைக்கு எந்தப் புரொஜெக்டர்?

எங்கள் கமக்காரர் அமைப்பின் கட்டடம் கிளிநொச்சிப் பக்கம். சீற் கூரை, 25 பேர் இருக்கலாம். கூட்டம் காலை பத்து மணிக்கு. யன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது. போன காலபோகத்துக்கு முன்னர், ஒருவர் தந்த சின்ன எல்ஈடி புரொஜெக்டரில் விதைப்புத் திகதிகளைப் போட்டோம். தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்து, சுவரில் விரலை வைத்து, "இது 15ஓ 18ஓ தம்பி?" என்று கேட்டார். திகதி தெரியாவிட்டால் கூட்டம் எதற்கு?

அந்த வகைச் சின்னப் பெட்டிகளில் '1080பி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தத் தரத்துப் படத்தை (1920×1080 புள்ளிகள்) வாங்கிக்கொள்ளும் என்பதுதான் பல வேளைகளில் அதன் பொருள். உள்ளே படத்தை உருவாக்கும் பலகம் 800×480 புள்ளிகளாகவும் இருக்கலாம். அந்தப் பெட்டிகளின் வெளிச்சக் கணக்கில் 'அன்சி லூமன்' (நியம முறையில் அளந்த வெளிச்சம்) என்ற சொல் இல்லையென்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். கரண்ட் குறைவாக இழுக்கும், இரவில் முற்றத்தில் படம் காட்ட நல்லது. பகல் கூட்டத்துக்குச் சரிவராது.

அப்புறம் மிஞ்சுவது லாம்ப் வகை. பென்க்யூ எம்எஸ்550 3600 லூமன், 800×600. எப்சன் ஈபி-ஈ01 3300 லூமன், 1024×768. லூமன் எண்ணைப் பார்த்தால் பென்க்யூ முந்துகிறது. ஆனால் அது ஒற்றைச் சில்லு டிஎல்பி, அதாவது ஒரே சில்லு நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் முறை. இந்த வகையில் வெள்ளை பளிச்சென்று இருக்கும், சிவப்பும் பச்சையும் கொஞ்சம் மங்கும். எப்சனின் மூன்று எல்சிடி முறையில் (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பலகம்) நிறத்துக்கும் அதே வெளிச்சம் கிடைக்கும். நெருக்கமான அட்டவணையை 800×600 இல் போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து 'ல்' எது, 'ல' எது என்று தடுமாற வேண்டிவரும். அதனால் நான் எப்சன் பக்கம். சுமார் 3 மீற்றர் தூரத்தில் வைத்தால் 2 மீற்றர் அகலப் படம் விழும், எங்கள் அறைக்கு அளவு.

பன்னிரண்டு பேருக்கு மேல் வராத அறையென்றால் 43 அங்குல ரீவியே போதும். யன்னல் திறந்திருந்தாலும் தெளிவு குறையாது. ஆனால் அகலம் ஒரு மீற்றர்கூட இல்லை, மோட்டார்சைக்கிளில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. எப்சன் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

லாம்ப் வகைக்கு 1000 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின் தரும் பெட்டி) ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். லாம்ப் கொதித்திருக்கும்போது கரண்ட் போனால் காற்றாடியும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். யூபிஎஸ் இருந்தால் முறையாக நிறுத்திவிடலாம்.

தூசி விஷயத்தில் மட்டும் டிஎல்பி மேல். எப்சனில் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் செம்மண் அதில் மெத்தைபோலப் படியும். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போதே அதைக் கழற்றி மென்தூரிகையால் தட்டிவிட்டால், அடுத்த கூட்டத்துக்குப் பயமில்லை.