கண்டாங்கிக்கு ஒரு வழி, ஆத்தங்குடிக் கல்லுக்கு இன்னொரு வழி

காரைக்குடிப் பக்கம் இணையத்தில் பொருள் விற்கும் பலர், பணம் கணக்கில் ஏறிவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வந்த பணம் திரும்பிப் போகுமா என்பது, அது எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது.

உள்ளூர் விற்பனைக்கு யுபிஐதான் நல்லது. வாங்குபவர் தானே பின் போட்டு அனுப்புகிறார். மனம் மாறிவிட்டது என்பதற்காக அவராக அதைத் திரும்ப இழுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், கணக்கைப் பார்த்துவிட்டுப் பார்சல் கட்டுங்கள். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. யாரையோ ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஒருவர் உங்களிடம் சேலை வாங்கினால், பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொன்னதும் அந்தத் தொகையோ, சில சமயம் உங்கள் கணக்கேயோ முடங்கலாம். அப்போது பில், வாட்ஸ்அப் பேச்சு, ஸ்பீட் போஸ்ட் ரசீது மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கார்டில் ஆபத்து கூடுதல். வாங்கியவர் தன் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. ஓடிபி போட்டு வாங்கியிருந்தால், "நான் வாங்கவே இல்லை" என்ற புகாரின் சுமை பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடும். "பொருள் வரவில்லை", "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்ற புகார்களுக்கு ஓடிபி உதவாது. நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர்களுக்கு, கட்டணம் அதிகமானாலும், இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேபால் சேவையையே நான் சொல்வேன். 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் வாங்க, விற்க அது உதவாது, ஏற்றுமதிக்கு மட்டும்தான். வாங்கியவர் 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். ஆனால் அனுமதியில்லாத பரிவர்த்தனை, பொருள் வரவில்லை என்ற இரண்டு புகார்களிலும் விற்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு, பேபால் ரசீதில் உள்ள அதே முகவரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். "அக்கா வீட்டுக்கு அனுப்பிடுங்க அண்ணே" என்று பிறகு செய்தி வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சரியான முகவரியோடு புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெறுபவரின் கையெழுத்துச் சான்றும் வேண்டும்.

சொன்னபடி இல்லை என்ற புகாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் ஊர்ச் சரக்குக்கு அதிகம் வரக்கூடியதும் அதுதான். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால், இது கைத்தறிதானா என்று கேட்டு வாங்குகிறார்கள். அதனால் நூல், நீளம், தறி எல்லாவற்றையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் சிஓடி பலகாரத்துக்கு வேண்டவே வேண்டாம். திரும்பி வந்த தேன்குழலை யாருக்கு விற்பது? போக, வர கூலியும் உங்கள் தலையில்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு நேரடி வங்கிப் பரிமாற்றமே சரி. கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்வது, கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். முதலில் மாதிரிக் கல் அனுப்பி, நிறம் பிடித்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கேளுங்கள். லாரியில் ஏற்றும் வீடியோ அனுப்பி மீதியை வாங்குங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள்.