பைத்தானில் ஸ்ட்ரிங் சேர்க்க: += எடுப்பதா, ஜாயின் எடுப்பதா?

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய வரிகளை ஒரே கோப்பாகத் தொகுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். ஏறக்குறைய 1 லட்சம் வரிகள். ஒவ்வொரு வரியையும் சுத்தம் செய்து, += போட்டு ஒரே ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) வாலில் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் கோப்பில் எழுதிவிடுவேன். சில வினாடிகளில் முடிந்துவிடும். ஸ்கிரிப்ட் வளர்ந்ததும், ஒழுங்காக இருக்கட்டுமே என்று எல்லாவற்றையும் ஒரு கிளாஸுக்குள், அதாவது தரவையும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்புக்குள், கொண்டுபோனேன். தர்க்கத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. ஓட்டிவிட்டு டீ போட்டு எடுத்து வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று தேடப் போய்த்தான், துண்டுகளை லிஸ்ட்டில் சேர்த்துவைத்துக் கடைசியில் ஒரேயடியாக ஒட்டும் ஜாயின் கட்சிக்கு நான் மாறினேன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். பெயர், ஊர், தேதி என்று மூன்று நான்கு துண்டுகளை ஒரு வாக்கியமாக்க வேண்டுமென்றால், மேற்கோளுக்குள்ளேயே வேரியபிள்களை எழுதவிடும் எஃப்-ஸ்ட்ரிங் போதும். 2016-இல் பைத்தான் 3.6-உடன் வந்தது, படிக்கவும் நன்றாக இருக்கும், வேகத்திலும் குறையில்லை. அந்த அளவுக்கு + போட்டாலும் தப்பில்லை. லூப்புக்குள் சேர்க்கும்போதுதான் கேள்வியே வருகிறது.

பைத்தானில் ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு += -க்கும், முறைப்படி பார்த்தால், பழையது முழுவதையும் புது இடத்தில் நகலெடுத்து, அதன் வாலில் புதுத் துண்டை ஒட்ட வேண்டும். வரிக்கு 50 எழுத்து, 1 லட்சம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதி ஸ்ட்ரிங் 50 லட்சம் எழுத்துதான். ஆனால் வழியில் நகலெடுத்ததை எல்லாம் கூட்டினால் சுமார் 25,000 கோடி எழுத்து வரும். ஜாயின் அப்படிச் செய்வதில்லை. எல்லாத் துண்டுகளின் நீளத்தையும் முதலில் கூட்டிப் பார்க்கும், தேவையான இடத்தை ஒரே தடவை வாங்கும், ஒவ்வொரு துண்டையும் ஒரே தடவை நகலெடுக்கும். மொத்தமே 50 லட்சம்.

சரி, அப்படியானால் என் பழைய ஸ்கிரிப்ட் எப்படிச் சில வினாடிகளில் முடிந்தது? 2004-இல் வந்த 2.4-லிருந்தே, நாம் எல்லோரும் சாதாரணமாகப் பயன்படுத்தும் சிபைத்தானில் ஒரு சலுகை இருக்கிறது. அந்த ஸ்ட்ரிங்கை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், நகலெடுக்காமல் இருக்கும் இடத்தையே நீட்டிப் பார்க்கும். ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் கிளாஸுக்குள் செய்வதுபோல செல்ஃப் போட்டு, புள்ளி வைத்து, ஒரு பொருளின் உறுப்பாக அதே ஸ்ட்ரிங்கை வைத்தால் சலுகை போய்விடும். பிழை தேடுவதற்காக ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்ததை இன்னொரு லிஸ்ட்டில் போட்டு வைத்தாலும் போய்விடும். கிளாஸுக்கு மாறியபோது நான் இழந்தது இந்தச் சலுகையைத்தான். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, விடையும் சரியாகவே வருகிறது, நேரம் மட்டும் நிமிடக் கணக்கில் ஏறுகிறது. சோதிக்கும்போது நாம் கொடுப்பது நூறு வரிதான் என்பதால் அங்கேயும் தெரியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். வேகப் போட்டி வைத்தால், சிபைத்தானில், லோக்கல் வேரியபிளில், += ஜாயினுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அந்த அளவீட்டைக் காட்டி 'வித்தியாசமே இல்லையே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வேகம், குறியீட்டைப் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் நல்ல எண்ணத்தோடு குறியீட்டை மாற்றி அமைத்தால் போதும், அறுந்துவிடும். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8-உம், இந்தச் சலுகையை நம்பாதீர்கள், வேகம் முக்கியமான இடத்தில் ஜாயினை எடுங்கள் என்றுதான் சொல்கிறது. பைத்தானை ஓட்டும் இன்னொரு மென்பொருளான பைபையில் இந்தச் சலுகையே கிடையாது. அதில் நான் பெரிய வேலை எதுவும் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆகவே அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

ஜாயினிலும் தொந்தரவுகள் உண்டு. லிஸ்ட்டில் எண் ஒன்று கலந்திருந்தால் பிழை காட்டி நின்றுவிடும், எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். லிஸ்ட்டுக்குப் பதில் தவறுதலாக ஒரு ஸ்ட்ரிங்கையே கொடுத்துவிட்டால் எழுத்துக்கு எழுத்து பிரித்து, இணைக்க நாம் கொடுத்த குறியை, கமா என்றால் கமாவை, நடுவில் போடும். தமிழில் இது இன்னும் மோசம், 'கா' என்பது உள்ளே ககரமும் துணைக்காலுமாக இரண்டு குறிகள் என்பதால் கால் தனியே பிய்ந்து நிற்கும். மெமரியும் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஏனென்றால் கடைசிவரை எல்லாத் துண்டுகளும் தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன, தமிழ்த் துண்டு ஒவ்வொன்றுக்கும் எழுத்து போக 50 பைட்டுக்கு மேல் சுமை. லிஸ்ட்டுக்குப் பதில், துண்டுகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் கொடுத்தால் மிச்சமாகும் என்று நானும் நினைத்திருந்தேன். மிச்சமாகாது, ஜாயின் உள்ளே அதை லிஸ்ட்டாக மாற்றிக்கொண்டுதான் வேலையையே தொடங்குகிறது.

தமிழ் உரையோடு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். 2012-இல் வந்த 3.3 முதல், ஒரு ஸ்ட்ரிங்கில் இருக்கும் மிகப் பெரிய குறியை வைத்துத்தான் எழுத்துக்கு எத்தனை பைட் என்று முடிவாகிறது. தமிழுக்கு 2. நடுவில் எங்கோ ஒரே ஒரு எமோஜி நுழைந்தால் முழு ஸ்ட்ரிங்குக்கும் 4. என் 50 லட்சம் எழுத்து, ஒரு சிரிப்பு முகத்தால் 1 கோடி பைட்டிலிருந்து 2 கோடி ஆகிவிடும். += போட்டாலும் ஜாயின் போட்டாலும் இது நடக்கும்.

ஸ்ட்ரிங்ஐஓ என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கோப்பில் எழுதுவதுபோல மெமரியில் எழுதிக்கொண்டே போகலாம். சிஎஸ்வி மாட்யூல் மாதிரி கோப்பைக் கேட்கும் இடத்தில் கொடுக்க வசதி. அதற்கு மட்டுமே நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருகிறவர்களுக்கு += பழக்கம் விடாது. அங்கே குரோமில் இருக்கும் வி8 எஞ்சின் துண்டுகளை உடனே ஒட்டாமல் சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொள்வதால் அந்தப் பழக்கம் தண்டிக்கப்படுவதில்லை. ஜாவாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், லூப் என்றாலே ஸ்ட்ரிங்பில்டர் என்று கை தானாகப் போகும்.

என் கிளாஸில் இப்போது ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக ஒரு லிஸ்ட் இருக்கிறது. வரி வர வர அப்பெண்ட், முடிவில் ஒரே ஒரு ஜாயின். மாற்றியது மூன்றே வரி, ஓட்டம் பழையபடி சில வினாடிக்கு வந்துவிட்டது. போன வாரம் அந்த ஜாயினையும் எடுத்துவிட்டேன். கோப்புக்குத்தானே போகப் போகிறது என்று, ஒவ்வொரு வரியையும் சுத்தம் செய்தவுடன் நேராகக் கோப்பிலேயே எழுதிவிடுகிறேன்.