டேபா, புக்மார்க்கா, ஹிஸ்டரியா, பிடிஎஃப்பா: பார்த்த பக்கத்தை எதில் வைப்பது?

ஒரு பக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் நிறைய பேர் செய்வது ஒன்றுதான், டேபை மூடாமல் அப்படியே விட்டுவிடுவது. நாள் போகப் போக மேலே இருக்கும் வரிசை நெருங்கி, தலைப்பெல்லாம் மறைந்து, குட்டி குட்டி ஐகான்கள் மட்டும் மிஞ்சும். ஒரே தளத்தின் ஆறு பக்கங்கள் திறந்திருந்தால் ஆறுக்கும் ஒரே ஐகான், எது எது என்று தெரிய ஒவ்வொன்றின் மேலும் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும். இன்னொரு கூட்டம் கண்ணில் பட்டதற்கெல்லாம் நட்சத்திரத்தை அழுத்திப் புக்மார்க் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலை மறுபடி திறப்பதே இல்லை. தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக்கொள்ளும் கட்சி ஒன்று. பிடிஎஃப் ஆக எடுத்து வைப்பவர்கள் கொஞ்சம் பேர். எதுவுமே செய்யாமல், "ஹிஸ்டரியில் இருக்கும், பார்த்துக்கலாம்" என்று போகிறவர்களும் உண்டு. என் கணக்கில் பாதி விஷயங்களுக்கு அவர்கள் செய்வதுதான் சரி.

இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பிரவுசர் மூடிப்போனால் எது தாங்கும், ஒரு மாதம் கழித்துத் தேடினால் எது கை கொடுக்கும், தளமே காணாமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக மோதவிட்டுப் பார்க்கலாம்.

பிரவுசர் மூடிப்போனால்

இந்தப் பந்தயத்தில் தோற்பது டேப் மட்டும்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு மோசமாகத் தோற்பதில்லை. தெரியாமல் மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவர கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு டி-யை அழுத்தினால் போதும் (கீபோர்டில் ஆருக்கும் ஒய்-க்கும் நடுவில் இருக்கும் டி, மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). மறுபடி அழுத்தினால் அதற்கு முன்னால் மூடியது, இன்னொரு முறை அழுத்தினால் அதற்கும் முன்னால் மூடியது என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். குரோம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது எல்லா டேபும் தானாக வரும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வசதி பொதுவான செட்டிங்ஸில் முதல் இடத்திலேயே இருக்கிறது.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. இரண்டு விண்டோ திறந்திருக்கிறீர்கள், டேப்கள் நிறைந்த பெரிய விண்டோவை முதலில் மூடிவிட்டு, ஒரே ஒரு டேப் இருக்கும் சின்ன விண்டோவைக் கடைசியில் மூடுகிறீர்கள் என்றால் மறுநாள் தானாக வருவது பெரும்பாலும் அந்தச் சின்னதுதான். பதற வேண்டாம், ஹிஸ்டரி மெனுவில் சமீபத்தில் மூடியவை என்ற இடத்தில் பெரிய விண்டோ மொத்தமாக இருக்கும். உடனே பார்த்தால் கிடைக்கும், நாலு நாள் கழித்துப் பார்த்தால் கிடைக்காமலும் போகலாம்.

திறந்தே வைத்திருக்கும் டேப் பத்திரமாக இருக்கிறது என்பதும் பாதி மாயைதான். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்று இருக்கிறது, நெடுநேரம் தொடாத டேபை மெமரியைக் காப்பாற்றுவதற்காக ஓரங்கட்டிவிடும். குரோமில் அப்படி ஓரங்கட்டிய டேபை மறுபடி கிளிக் செய்தால் பக்கம் புதிதாக லோட் ஆகும், அதாவது அன்றைக்கு நீங்கள் பார்த்த பக்கம் அல்ல, இன்றைக்கு அந்த முகவரியில் என்ன இருக்கிறதோ அது. லாகின் செய்து பார்த்த பக்கமாக இருந்தால் லாகின் பெட்டி வந்து நிற்கவும் கூடும். ஆக டேபும் கடைசியில் ஒரு முகவரிதான், கொஞ்சம் இடம் அடைக்கும் முகவரி.

ஒரு மாதம் கழித்துத் தேடினால்

இங்கேதான் ஹிஸ்டரி முன்னுக்கு வருகிறது. அதன் பெரிய பலம், நீங்கள் எதையும் செய்யத் தேவையில்லை என்பது. இது பின்னாளில் வேண்டியிருக்கும் என்று அப்போதே தெரிந்தால்தானே புக்மார்க் போடுவீர்கள்? தேவைப்படும் பக்கங்களில் பாதி, பார்க்கும்போது அலட்சியமாகக் கடந்து வந்தவை.

கன்ட்ரோல் பிடித்து எச் அழுத்தினால் ஹிஸ்டரி திறக்கும். குரோம் 90 நாட்கள் வரைக்கும் காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் அப்படி நாள் கணக்கு இல்லை, கம்ப்யூட்டரின் திறனைப் பொறுத்துப் பழையதைத் தானே கழித்துக்கொள்ளும், பல மாதம் பழையதுகூடக் கிடைக்கும். சஃபாரியில் எவ்வளவு காலம் வைப்பது என்பதை ஒரு நாளிலிருந்து ஒரு வருடம் வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், தானாக அழிக்கவே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி, இதற்காகவே எனக்கு அந்த பிரவுசர் மேல் கொஞ்சம் பாசம் அதிகம்: அட்ரஸ் பாரில் ^ போட்டு ஒரு இடைவெளி விட்டுத் தேடினால் ஹிஸ்டரியில் மட்டும் தேடும், * போட்டால் புக்மார்க்கில் மட்டும், % போட்டால் திறந்திருக்கும் டேப்களில் மட்டும். குரோமில் இதற்கு அட் குறி போட்டு, ஒட்டினாற்போல ஹிஸ்டரி என்று ஆங்கிலத்தில் தட்டி, டேப் கீயை அழுத்த வேண்டும்.

ஹிஸ்டரியில் தேடுவதில் பலருக்கும் எரிச்சல் வருவதற்குக் காரணம், அது பொதுவாகத் தலைப்பையும் முகவரியையும்தான் பார்க்கும், பக்கத்துக்குள் இருக்கும் வரிகளைப் பார்க்காது. தலைப்பு ஞாபகம் இல்லை என்றால் வேறு வழியில் போகலாம். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ வேறு என்ன பார்த்தோம் என்று யோசியுங்கள். ஒரு வீடியோ பார்த்தது ஞாபகம் இருக்கிறதா, அந்த வீடியோவின் பெயரைத் தேடித் தேதியையும் நேரத்தையும் பிடியுங்கள், அப்புறம் தேடலை அழித்துவிட்டு அந்த நாளுக்கு உருட்டிப் போய் அக்கம்பக்கத்தில் பாருங்கள். எல்லாம் நேர வரிசையில் இருப்பதால் நாம் தேடுவது பெரும்பாலும் நாலைந்து வரி தள்ளித்தான் கிடக்கும். இந்த வித்தை புக்மார்க்கில் நடக்காது.

புக்மார்க்குக்கு வேறு வேலை இருக்கிறது. திரும்பத் திரும்பப் போகும் பக்கம், மின் கட்டணம் கட்டுவது, பிள்ளைகளின் பள்ளித் தளம், தினமும் படிக்கும் செய்தி, இதற்கெல்லாம் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் நட்சத்திரத்தை அழுத்தியதும் வரும் சின்னப் பெட்டியில் பெயர் என்ற இடத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். பல தளங்கள் தங்கள் பக்கத்துக்கு "முகப்பு" என்றோ "நல்வரவு" என்றோதான் தலைப்பு வைத்திருக்கும். அதை அழித்துவிட்டு, நாளைக்கு நீங்கள் எந்த வார்த்தையைத் தட்டித் தேடுவீர்களோ அதையே எழுதுங்கள்: "கரண்ட் பில்" என்று எழுதினால் அட்ரஸ் பாரில் "கரண்ட்" என்று தட்டியதும் வந்து நிற்கும். ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பெயர் சரியாக இருந்தால் ஃபோல்டரே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்புவது? போனில் பார்த்ததைக் கம்ப்யூட்டரில் திறக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, அதோடு சரி. லிங்க்கை மட்டும் போடாமல் எதற்கு என்று இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்பினால் பிற்பாடு தேடவாவது முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது இதைவிட ஒரு படி கீழே, அதில் பல சமயம் முகவரிகூட இருக்காது.

தளமே போய்விட்டால்

டேப், ஹிஸ்டரி, புக்மார்க், வாட்ஸ்அப் நான்கும் இங்கே ஒரே அடியில் விழுகின்றன, ஏனென்றால் நான்கிலும் இருப்பது முகவரிதான், பக்கம் இல்லை. இது எப்போதோ நடக்கும் சங்கதியும் அல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை.

பிறகு படிக்கலாம் என்று சேமித்துவைக்கத் தனிச் சேவைகள் உண்டு. அவற்றில் பெரிய பெயர் பாக்கெட், 2007-இல் தொடங்கியது, 2017-இல் ஃபயர்ஃபாக்ஸின் மொஸில்லாவே வாங்கியது, 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. தளம் போகிறது என்று பயந்து சேர்த்து வைத்த இடமே போய்விட்டது. இன்ஸ்டாபேப்பர் போன்றவை இன்னும் ஓடுகின்றன, வார இறுதியில் படிக்கும் கட்டுரைக்கு நன்றாகத்தான் இருக்கும். பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய விஷயத்தை அங்கே விடுவதற்கு எனக்கு மனம் வராது.

ஆகவே பிடிஎஃப். கன்ட்ரோல் பிடித்து பி அழுத்தினால் பிரிண்ட் பெட்டி வரும், பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் பக்கத்தை ஒருமுறை அடிவரைக்கும் உருட்டிவிட்டு வாருங்கள். பல தளங்களில் படங்கள் கண்ணுக்கு எட்டும்போதுதான் லோட் ஆகும், உருட்டாமல் எடுத்தால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம் விழும். விளம்பரமும் மெனுவும் எழுத்தை மறைத்தால் ஃபயர்ஃபாக்ஸிலோ எட்ஜிலோ எஃப்9 அழுத்தி வாசிப்பு முறைக்குப் போய் (கட்டுரைப் பக்கங்களுக்குத்தான் இது வேலை செய்யும்) அங்கிருந்து எடுத்தால் சுத்தமாக வரும். பிரிண்ட் பெட்டியின் கூடுதல் செட்டிங்ஸில் ஹெடர், ஃபுட்டர் என்று ஒரு டிக் இருக்கிறதே, அதைப் போட்டுவிடுங்கள், பக்கத்தின் முகவரியும் எடுத்த தேதியும் தாளின் ஓரத்தில் தானே ஏறிவிடும்.

கன்ட்ரோல் எஸ் அழுத்தி முழுப் பக்கத்தையும் சேமிக்கலாமே என்றால், செய்யலாம், ஆனால் ஒரு ஃபைலும் கூடவே ஒரு ஃபோல்டரும் வரும், இரண்டையும் பிரித்தால் படங்கள் காணாமல் போகும். குரோம், எட்ஜில் ஒரே ஃபைலாகச் சேமிக்கும் வழியும் இருக்கிறது, அந்த ஃபைலை ஃபயர்ஃபாக்ஸ் நேரடியாகத் திறக்காது. பிடிஎஃப் எங்கே வேண்டுமானாலும் திறக்கும்.

பணம் கட்டிய பின் வரும் ரசீது, விண்ணப்பம் அனுப்பியதும் வரும் எண், டிக்கெட் உறுதியான பக்கம் இவற்றுக்குப் பிடிஎஃப்பைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். இவை ஒரே ஒரு முறை உருவாகிக் காட்டப்படும் பக்கங்கள். புக்மார்க் போட்டாலும் பிற்பாடு திறந்தால் நேரம் முடிந்துவிட்டது என்றோ படிவத்தை மறுபடி அனுப்பவா என்றோதான் கேட்கும், அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ஆமாம் சொன்னால் இரண்டாவது முறை அனுப்பியதாகவும் ஆகலாம்.

எடுத்து வைக்காமலே தளம் போய்விட்டது என்றால் கடைசி வழி, இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின். 1996 முதலான பக்கங்கள் அங்கே இருக்கின்றன, பொதுமக்களுக்குத் திறந்தது 2001-இல். பழைய முகவரியை அங்கே ஒட்டினால் எந்தெந்தத் தேதியில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று காலண்டரில் காட்டும். முகவரி எங்கிருந்து கிடைக்கும்? செத்துப்போன அந்தப் புக்மார்க்கிலிருந்துதான், அதனால் திறக்கவில்லையே என்று அதை உடனே அழித்துவிட வேண்டாம்.

வீட்டில் நாலு பேர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால்

இங்கே ஹிஸ்டரியின் பலமே பலவீனம். அட்ரஸ் பாரில் யாரோ இரண்டு எழுத்து தட்டினால் நீங்கள் பார்த்ததெல்லாம் கீழே வரிசை கட்டும். அதற்காக இன்காக்னிட்டோவில் போனால் ஹிஸ்டரியில் விழாது, மூடிய டேபைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. ஆனால் அங்கே போட்ட புக்மார்க்கும் இறக்கிய ஃபைலும் அப்படியே தங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரவுசரிலேயே ஆளுக்கு ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்வது இதைவிட மேல், அவரவர் ஹிஸ்டரியும் புக்மார்க்கும் கலக்காது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட வேண்டும் என்றால் மட்டும் விண்டோஸிலேயே தனித்தனி யூசர் கணக்கு வேண்டும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் கிளீனர் புரோகிராம்களை ஓட விடுபவர்கள் ஹிஸ்டரி என்ற டிக்கை எடுத்துவிட்டு ஓட விடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன 90 நாள் கதையெல்லாம் ஒரே கிளிக்கில் காலி.

கம்ப்யூட்டர் மாற்றும்போது

பிரவுசரில் ஒரே கணக்கில் சைன் இன் செய்து சிங்க் (எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வைக்கும் வசதி) போட்டிருந்தால் புக்மார்க் தானே வந்து சேரும். பிரவுசரே மாறுகிறது என்றால் பழையதில் புக்மார்க் மேனேஜரைத் திறந்து (கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ) ஏற்றுமதி செய்தால் ஒரு எச்டிஎம்எல் ஃபைல் கிடைக்கும், அதைப் புதியதில் இறக்குமதி செய்துகொள்ளலாம். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் வரியில் நெட்ஸ்கேப் என்று இருக்கும். அந்த பிரவுசருக்கான ஆதரவு 2008-லேயே நின்றுவிட்டது, அதன் புக்மார்க் வடிவத்தைத்தான் இன்றைக்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாம் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. பிடிஎஃப்கள் மட்டும் இந்த சிங்க் எதிலும் வராது, அந்த ஃபோல்டரைப் பென் டிரைவிலோ கிளவுடிலோ நீங்கள்தான் தனியாக நகலெடுக்க வேண்டும்.